நுரைப் பொடி முதல் நீர்க்கடுப்பு சிரப் வரை: கடையில் கேட்டு வாங்கும் மருந்தில் எவ்வளவு சோடியம்?

பிரஷர் இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் கருவாட்டையும் மாங்காய் ஊறுகாயையும் நிறுத்திவிடுகிறோம். அதே ஆள் ராத்திரி நெஞ்சு கரிக்கிறதென்று நுரைப் பொடியைத் தண்ணீரில் கொட்டிக் குடிக்கிறார். திருநெல்வேலிச் சீமையில் இது வீட்டுக்கு வீடு நடக்கிறது. உப்பில் பிரஷரை ஏற்றுவது சோடியம்; அந்த ஒரு டம்ளரில் அது எவ்வளவு போகிறது என்று பெரும்பாலான பாக்கெட்டுகளில் அச்சிட்டிருப்பதில்லை. ஆனால் லேபிலில் இருக்கிற விவரத்தை வைத்தே நாம் கணக்குப் போட்டுவிட முடியும்.

மருந்தில் எதற்குச் சோடியம் சேர்க்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். சில மருந்துகளில் சோடியம் உப்புதான் மருந்தே. வயிற்று அமிலத்தை முறிக்கும் சோடியம் பைகார்பனேட், மூத்திரத்தின் அமிலத் தன்மையைக் குறைக்கும் சோடியம் சிட்ரேட் ஆகியவை இந்த வகை. இன்னொரு வகையில் மருந்து வேறு; அதைத் தண்ணீரில் கரைய வைக்கச் சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் துணைக்கு வருகின்றன. தண்ணீரில் போட்டதும் பொங்கும் பாரசிட்டமால், வைட்டமின் சி, கால்சியம், சளியை இளக்கும் அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரைகள் எல்லாம் அப்படித்தான். இந்த இரண்டாவது வகையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

பொங்கி அடங்கிய பிறகு குடித்தால் சோடியம் போய்விடாதா?

போகாது. நுரையாக மேலே வந்து காற்றில் கலப்பது கரியமில வாயு மட்டுமே. சோடியம் முழுவதும் சோடியம் சிட்ரேட்டாகத் தண்ணீரிலேயே கரைந்து நிற்கிறது. பொங்க விட்டுக் குடித்தாலும், பொங்கும்போதே குடித்தாலும், உடம்புக்குள் போகும் சோடியம் ஒன்றே. உப்புக் கரிக்கவில்லை என்பதும் ஆதாரம் ஆகாது. எலுமிச்சைச் சுவையும் சர்க்கரை அல்லது இனிப்பூட்டியும் அதை மறைத்துவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சோடியம் வரை சரி?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 2,000 மி.கி.க்குக் கீழ். சமையல் உப்பாகச் சொன்னால் 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், மோர், துவையல், அப்பளம் என்று நம் சாப்பாடு இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். மருந்திலிருந்து வருவது அதற்கு மேல் கூடுதலாகச் சேர்வது. உடம்பில் வேறு கோளாறு இல்லாத ஒருவர் என்றைக்கோ ஒரு நாள் விருந்து சாப்பிட்டுவிட்டு ஒரு பாக்கெட் குடிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. இரத்த அழுத்தம், இதயப் பலவீனம், சிறுநீரகக் கோளாறு, ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தல், கர்ப்ப காலத்தில் ஏறும் பிரஷர் ஆகியவை இருப்பவர்கள்தான் ஒவ்வொரு பாக்கெட்டையும் கணக்கில் வைக்க வேண்டும். தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், வயது எதுவானாலும், இந்தப் பட்டியலில் சேர வேண்டியவர்களே.

வெளிநாட்டு மருந்து அட்டையில் சோடியம் அளவு இருக்கிறதே, நம்முடையதில் ஏன் இல்லை?

அமெரிக்காவில் இதற்கென்று 1996-ல் விதி வந்தது. சீட்டில்லாமல் விற்கும், வாய்வழி உட்கொள்ளும் மருந்தில் ஒரு வேளையின் உச்ச அளவில் 5 மி.கி. அல்லது அதற்கு மேல் சோடியம் இருந்தால், ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று அச்சிட வேண்டும். ஒரு நாளின் உச்ச அளவில் 140 மி.கி.யைத் தாண்டினால், சோடியம் குறைத்த உணவில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் போட வேண்டும். ஐரோப்பாவில் எல்லை வேறு: ஒரு வேளை மருந்தில் 23 மி.கி.க்குக் கீழ் என்றால் சோடியம் இல்லாததாகவே கொள்ளலாம் என்று எழுதுகிறார்கள். நாளொன்றின் உச்ச அளவில் 391 மி.கி. வந்தால் எச்சரிக்கை.

இந்தியாவில் 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள்படி லேபிலில் மருந்தின் பெயர், செயல்படும் பொருளின் அளவு, தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை இருக்கும். மொத்தச் சோடியம் எவ்வளவு என்ற வரியை நம் லேபிலில் எதிர்பார்க்க முடியாது. 2023 ஆகஸ்டு முதல் 300 முன்னணி பிராண்டுகளுக்குக் கட்டாயமான கியூஆர் குறியீட்டிலும் பேட்ச், தேதி, உரிமம் போன்றவைதான் கேட்கப்படுகின்றன. நம்மூர் லேபிலில் எச்சரிக்கை இல்லை என்பதால் சோடியம் இல்லை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

அப்படியானால் லேபிலைப் பார்த்து எப்படிக் கணக்குப் போடுவது?

அட்டையின் பின்புறம் "ஒவ்வொரு 5 கிராமிலும்" அல்லது "ஒவ்வொரு 5 மி.லி.யிலும் அடங்கியவை" என்று சிறிய எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். அதில் சோடியம் என்று தொடங்கும் பெயர்களையும் அவற்றின் எடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த எண்களால் பெருக்குங்கள். ஒரு கிராம் பொருளில் இருக்கும் சோடியம் இவ்வளவு:

சமையல் உப்பு (சோடியம் குளோரைடு): 393 மி.கி.
சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்பசோடா: 274 மி.கி.
நீரற்ற சோடியம் கார்பனேட்: 434 மி.கி.
டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட்: 235 மி.கி.
டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட்: 175 முதல் 195 மி.கி.
சோடியம் ஆல்ஜினேட்: சுமார் 100 மி.கி.

நம் கடைகளில் அதிகம் போகும் 5 கிராம் நுரைப் பொடியை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 2.3 கிராம் பைகார்பனேட் இருக்கும். 2.3-ஐ 274-ஆல் பெருக்கினால் 630 மி.கி. சேர்மானத்தில் அரை கிராம் சோடியம் கார்பனேட்டும் இருந்தால் இன்னும் 217 சேர்ந்து, பாக்கெட்டுக்கு 850 மி.கி. அருகில் வரும். இரண்டு கிராமுக்கு மேல் உப்பை அள்ளி வாயில் போட்டதற்கு இது சமம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் நாள் முழுவதற்குமான அளவில் பெரும்பகுதி முடிந்தது, இன்னும் சோற்றில் கை வைக்கவே இல்லை.

இதில் ஒரு சிக்கல். இந்தப் பொடிகளில் சில ஆயுர்வேத உரிமத்தில் விற்பனையாகின்றன. அவற்றின் லேபிலில் சோடியம் என்ற சொல்லே இருக்காது. "ஸ்வர்ஜிக்ஷார" என்றோ "சர்ஜிகாக்ஷார" என்றோ இருக்கும். அதுவும் பைகார்பனேட்தான், அதே 274-ஆல் பெருக்குங்கள். ஆயுர்வேதம் என்று போட்டிருப்பதால் பிரஷருக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. சோடியத்துக்கு வைத்திய முறை தெரியாது.

வெளிநாட்டு அட்டையில் சோடியத்தை மில்லிமோலில் கொடுத்திருந்தால் 23-ஆல் பெருக்குங்கள், மி.கி. கிடைத்துவிடும்.

பொடி வேண்டாம், ஆப்பசோடாவையே தண்ணீரில் கலந்து குடிக்கலாமா?

அதைவிட மோசம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவில் 1,250 மி.கி.க்கு மேல் சோடியம் உண்டு. கையால் அள்ளிப் போடும்போது அளவும் நிற்காது. வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு நிறையச் சோடா குடித்தால் உள்ளே சட்டென்று வாயு பெருகி ஆபத்தாகவும் முடியலாம்.

கோலி சோடா, கடைச் சோடா பற்றியும் கேட்கிறார்கள். அது அடிப்படையில் வாயு அடைத்த தண்ணீர், சோடியம் அதிகம் இராது. எலுமிச்சை பிழிந்து அரை ஸ்பூன் உப்பைப் போட்டு "சால்ட் சோடா" ஆக்கும்போதுதான் ஆயிரம் மி.கி. ஏறிவிடுகிறது.

வெயில் காலத்தில் நீர்க்கடுப்புக்கு வாங்கும் சிரப்பில் சோடியம் உண்டா?

உண்டு, நிறையவே. இந்தப் பக்கம் யாரும் கவனிக்காத பெரிய ஊற்று இதுதான். சித்திரை, வைகாசியில் மெடிக்கலில் "நீர்க்கடுப்பு மருந்து" என்று கேட்டால் பெரும்பாலும் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் சிரப்பைத் தருவார்கள். 5 மி.லி.க்கு சுமார் 1.4 கிராம் என்று போட்டிருந்தால் சோடியம் ஏறக்குறைய 250 மி.கி. ஒரு வேளைக்கு 10 மி.லி., நாளைக்கு மூன்று வேளை என்றால் 1,500 மி.கி. பாட்டில் தீரும் வரை குடிப்பவர்கள் உண்டு. இதயப் பலவீனத்தில் இருக்கும் பெரியவர் நாலு நாள் இப்படிக் குடித்தால் கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் அது போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. சிட்ரேட் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. வயல் வேலை, சூளை வேலை பார்த்துத் தண்ணீர் குடிக்காமல் வந்த கடுப்பென்றால் தண்ணீரும் நீர்மோரும் (உப்பில்லாமல்) இளநீரும் குடித்தாலே ஒரு நாளில் தணியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைத் தவிர்க்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரையே அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி, மூத்திரத்தில் இரத்தம், கர்ப்பம், சர்க்கரை நோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் சிரப்பை நம்பி வீட்டில் இருக்காமல் மூத்திரப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த, தண்ணீரில் கரையும் காய்ச்சல் மாத்திரை நல்லதா?

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் பல வீட்டு அலமாரிகளில் இந்தக் குழாய் டப்பா இருக்கிறது. கரையும் பாரசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றில் சோடியம் 400 மி.கி. அளவுக்கு இருக்கும். ஒரு நாளின் உச்ச அளவான எட்டு மாத்திரை போட்டால் 3,200 மி.கி. காய்ச்சலுக்கு மாத்திரை எடுத்து பிரஷரை ஏற்றிக்கொண்ட கதையாகிவிடும். சாதாரணமாக விழுங்கும் பாரசிட்டமாலில் சோடியம் பொருட்படுத்தத் தக்கதில்லை. காய்ச்சலைக் குறைப்பதிலும் எந்தக் குறையும் இல்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. சோடியம் மிகுந்த கரையும் மருந்துகளை எடுத்தவர்களுக்கு, அதே மருந்தைச் சோடியம் இல்லாத வடிவில் எடுத்தவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 16 சதவீதம் அதிகமாகவும், இரத்த அழுத்த நோய் ஏழு மடங்கு அளவுக்கும் காணப்பட்டது. பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் சோடியம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் விழுங்கும் மாத்திரை பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கும்போது அந்த அபாயத்தை எடுக்க ஒரு காரணமும் இல்லை. விழுங்கவே முடியாதவர்களுக்கு சிரப்பைக் கேளுங்கள்.

மாத்திரைப் பெயரிலேயே சோடியம் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். லிவோதைராக்சின் சோடியம் (தைராய்டுக்கு), பேன்டோபிரசோல் சோடியம் (வயிற்று அமிலத்துக்கு), டைக்ளோஃபினாக் சோடியம் (வலிக்கு) போன்றவற்றில் சோடியம் மிக அற்பம். 50 மி.கி. டைக்ளோஃபினாக்கில் 4 மி.கி. கூட வராது. தைராய்டு மாத்திரையிலோ மைக்ரோகிராம் கணக்கு. சோடியம் சிட்ரேட் உள்ள இருமல் சிரப்புகளிலும் ஒரு ஸ்பூனுக்குப் பத்துப் பதினைந்து மி.கி.தான் பொதுவாக வரும். எடை கிராமில் இருந்தால் கவலைப்படுங்கள். மில்லிகிராமில் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

அப்படியானால் பிரஷர் உள்ளவர்கள் டைக்ளோஃபினாக் போடலாமா?

கூடாது, காரணம் வேறு. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் சாப்பாட்டில் வந்த சோடியத்தையும் தண்ணீரையும் சிறுநீரகம் வெளியேற்ற விடாமல் பிடித்து வைக்கும். மாத்திரைக்குள் சோடியம் இல்லாவிட்டாலும் உடம்பில் சோடியம் கூடுகிறது. பிரஷர் மாத்திரையின் வேலையும் கெடுகிறது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நாள் முழுக்கக் குனிந்திருந்து பீடி சுற்றும் பெண்கள் இடுப்பு வலிக்கு இதைத் தினமும் வாங்கிப் போடுவதும், அதனால் வயிறு எரிந்து நுரைப் பொடி குடிப்பதும் மிக வருத்தமான சுழல். இரண்டும் சேர்ந்து பிரஷரை ஏற்றும். ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரையோடு நீர் மாத்திரையும் (மூத்திரத்தைப் பெருக்குவது) எடுப்பவர் இந்த வலி மாத்திரையைச் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் அபாயமும் உண்டு. டைக்ளோஃபினாக் சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டிய மருந்து. சளி மாத்திரையில் ஃபினைலெஃப்ரின் இருந்தால் அதுவும் பிரஷரை ஏற்றக்கூடியது.

ஓ.ஆர்.எஸ்.-இலும் உப்பு இருக்கிறதே, வயிற்றுப்போக்கில் கொடுக்காமல் இருக்கலாமா?

கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கும் சோடியத்தை ஈடுகட்டத்தான் அது. உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானம் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், மொத்தம் 20.5 கிராம். லிட்டருக்குச் சோடியம் 1,725 மி.கி.

தவறு நடப்பது கலக்கும்போது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டினால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். பாக்கெட்டில் 200 மி.லி.யா ஒரு லிட்டரா என்று பார்த்து, அந்த அளவுத் தண்ணீர் முழுவதையும் ஊற்றி, மொத்தப் பொடியையும் ஒரே நேரத்தில் போட்டுக் கலக்குங்கள். கொதிக்க வைத்து ஆறிய நல்ல தண்ணீர் போதும். ராதாபுரம், திசையன்விளை பக்கம் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் இருக்கும் வீடுகளில் அதில் கலக்காதீர்கள். மீந்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். வெறும் களைப்புக்கு, வெயிலுக்கு என்று பிரஷர்காரர்கள் தினமும் ஓ.ஆர்.எஸ். குடிப்பது வேண்டாத பழக்கம்.

அப்பாவுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருக்கு மட்டும் நுரைப் பொடி நல்லதுதானே?

இல்லை. வயதானவர்களுக்கு இரத்தச் சோடியம் குறைவதற்குப் பல நேரம் உப்புச் சாப்பிடாதது காரணமாக இருப்பதில்லை. உடம்பில் தண்ணீர் கூடி சோடியம் நீர்த்துப் போயிருக்கும், அல்லது பிரஷருக்குக் கொடுக்கும் தயாசைடு வகை நீர் மாத்திரை, இதயம், சிறுநீரகம், தைராய்டு, நுரையீரல் ஏதாவது காரணமாக இருக்கும். காரணத்தைப் பொறுத்து ஒருவருக்கு உப்பைக் கூட்டுவார்கள், இன்னொருவருக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள். வீட்டில் நாமாக எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

சிறுநீரக டாக்டரே சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதியிருக்கிறார். நிறுத்த வேண்டுமா?

நிறுத்தாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் அமிலம் ஏறும். அதைச் சரிசெய்யக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது அது. 500 மி.கி. மாத்திரையில் 137 மி.கி. சோடியம் என்பது டாக்டருக்குத் தெரியும். கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் அவரிடம் சொல்லுங்கள்.

நெஞ்செரிச்சலுக்குப் பதிலாக என்ன வாங்கலாம்?

அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த ஜெல்லில் சோடியம் குறைவு. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த இரண்டு உலோகமும் உடம்பில் தேங்கும்; அவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கால்சியம் கார்பனேட் சப்பும் மாத்திரையில் சோடியம் அநேகமாக இல்லை, எப்போதாவது எடுக்கலாம். எதுக்களிப்புக்குக் கொடுக்கும் ஆல்ஜினேட் திரவத்தில் 10 மி.லி.க்கு சுமார் 140 மி.கி. சோடியம் இருக்கும், நாலு வேளை என்றால் கணக்கில் வையுங்கள். அமில முறிப்பான் எதுவானாலும் இரும்புச் சத்து மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரமும் தள்ளி எடுங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் எரிகிறதென்றால் எந்தப் பொடியும் தீர்வாகாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கீழே அரை அடி கட்டை வையுங்கள், புகையிலையை விடுங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால், அல்லது விழுங்கும்போது அடைத்தால், மலம் கறுத்தால், எடை குறைந்தால் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"லோ சோடியம்" உப்பும் பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பும் நல்ல மாற்றா?

இரண்டிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்குச் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான், ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்களும் கேட்காமல் எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும்.

குழந்தைக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டர்?

பல தயாரிப்புகளில் பைகார்பனேட் சிறிதளவு இருக்கிறது. சோடியம் பெரிய அளவில்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் தேவையில்லை என்பதால் கொடுக்காமல் இருப்பதே சரி.

வாயுப் பிடிப்பா, மாரடைப்பா என்று எப்படித் தெரியும்?

வீட்டில் தெரியாது. அதனால்தான் இந்தக் கேள்வியை மிகவும் அழுத்திச் சொல்கிறோம். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல், நடந்தால் கூடும் கரிப்பு இவற்றில் எது இருந்தாலும் நுரைப் பொடி குடித்து ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மந்தமும் வாந்தியுமாகக்கூட வரும். ஏப்பம் விட்டதும் இலேசாவது மாரடைப்பு இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. 108-ஐக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை எந்நேரமும் திறந்திருக்கிறது.

மெடிக்கலில் என்ன கேட்க வேண்டும்?

"அசிடிட்டிக்கு ஒன்று கொடுங்க" என்பதோடு நிறுத்தாமல், பிரஷர் இருக்கிறது, கிட்னி பிரச்சினை இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். "இதில் பைகார்பனேட்டோ சிட்ரேட்டோ எவ்வளவு?" என்று மருந்தாளுநரைக் கேளுங்கள். சிறு ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட்டுக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்க மாட்டார், எனவே பின்பக்கத்தை நீங்களே படித்துப் பெருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம், கடையில் நீங்களாக வாங்கிக் குடிப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால் டாக்டர் தேட வேண்டிய காரணம் அதில் இருக்கலாம்.

இதயப் பலவீனம் உள்ளவர்கள் தினமும் காலையில் மூத்திரம் போன பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், அது சதையில்லை, நீர். அன்றைக்கே டாக்டரிடம் போகும்போது கடைசி ஒரு வாரத்தில் வாங்கிய பொடி, சிரப், மாத்திரை உறைகளையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்தால் பாதிப்பு வந்தாலும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம்.